இரண்டு மேசைகள், ஒரே விரிப்பு

நாற்பத்தாறாவது வயதில் நான் மறுபடியும் மாணவியானதற்குக் காரணம், என் சான்றிதழ்களில் ஒரே ஒரு பாடம் குறைந்ததுதான்.

பதினோரு வருடம் காத்திருந்த பிறகு எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. வந்த அதே கோடையில் மகள் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனாள். அடுத்த மாதம் கணவரை அவருடைய கம்பெனி ஹூஸ்டனில் ஒரு கிளையண்ட் இடத்தில் போட்டது. திங்கட்கிழமை காலை விமானம் ஏறுவார், வெள்ளிக்கிழமை திரும்புவார். இடைப்பட்ட நாட்களில் வெஸ்ட் வின்ட்சரில் நாலு படுக்கையறை கொண்ட வீட்டில் நான் மட்டும் இருந்தேன். ஒரு கப் அரிசி வைத்தால் இரண்டு நாளைக்கு வந்தது. காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போவேன். நியூயார்க் ரயிலுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் யாராவது ரயிலைத் தவறவிட்டால் மனசு கஷ்டப்படும்.

ஊரில் ஆறு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். இங்கே வந்தபின் விசா இடம் கொடுக்காததால் வீட்டிலேயே இருந்தேன். இப்போது வேலை பார்க்கலாம் என்று ஆனதும் ஆசிரியர் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். என் பி.ஏ.வையும் பி.எட்.டையும் பரிசீலித்துவிட்டு, ஐரோப்பிய வரலாற்றில் இன்னும் ஒரு பாடம் படித்து வரவேண்டும் என்று பதில் வந்தது. பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். செவ்வாயும் வியாழனும் மதியம் ஒன்றரை மணிக்கு வகுப்பு.

பேராசிரியை வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். முதல் நாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார். உங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? அவர்கள் எதற்காக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டார்கள்? பெயர் எழுத வேண்டாம் என்றார். பிறகு அட்டைகளைக் கலைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அம்மா என்றும் கிண்டர்கார்டன் டீச்சர் என்றும் எழுதியிருந்தார்கள். நான், தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஜெர்மன் பாதிரிகள் தொடங்கிய பெண்கள் பள்ளி என்று எழுதியிருந்தேன். எதற்காக என்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. காலியாக விட்டிருந்தேன்.

கடைசி அட்டையில் இப்படி இருந்தது: “எங்கள் சபை. பைபிளை நானே வாசிக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு மேல் எதையும் வாசிக்கக் கூடாது என்பதற்காகவும்.”

யார் எழுதியது என்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. விரல் நகங்களின் ஓரத்தில் வார்னிஷ் கறை. வகுப்பில் என்னைத் தவிர வயதானவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு வாரம் கழித்து காலேஜ் கேன்டீனில் அவர் என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் டப்பாவைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் எழுதுகிறேன்.

“ஜெர்மன் பாதிரி அட்டை உங்களோடதுதானே?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அதை வாசிச்சப்போ நீங்க மேசையையே பார்த்துட்டு இருந்தீங்க. நானும் அப்படித்தான் இருந்தேன்.”

பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் ஓர் ஆமிஷ் குடும்பத்தில் பிறந்தவர் அவர். குதிரை வண்டியில் போகிறவர்கள், மின்சாரம் வைத்துக்கொள்ளாதவர்கள் என்று அவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். அவர் எட்டாம் வகுப்பு வரை ஒற்றை அறைப் பள்ளியில் படித்தவர். அவர்களுக்கு அதோடு படிப்பு முடிந்துவிடும். பிறகு தச்சு வேலை. பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு சபையில் சேர்ந்தார். ஒரு டாக்டர் வீட்டில் சமையலறை அலமாரி பொருத்தப் போனபோது அங்கே மனித உடலைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறார். சாப்பாட்டு இடைவேளை முழுவதும் மூடவில்லை. அந்த வேலை முடிய ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் வாசித்தார். இருபத்துநாலு வயதில் வீட்டை விட்டு வந்துவிட்டார். இப்போது டிரென்டனில் அலமாரி செய்யும் பட்டறையில் வேலை. நர்சிங் படிக்க வேண்டும் என்பது ஆசை. அதற்கான பாடங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்குப் போவீங்களா?” என்றேன்.

“போகலாம். யாரும் கதவைச் சாத்த மாட்டாங்க,” என்றார்.

வகுப்பில் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகள் வந்தன. இதையெல்லாம் ஊரில் நானே நடத்தியிருக்கிறேன். மறுமலர்ச்சி என்றால் ஐந்து காரணம், சமயச் சீர்திருத்தம் என்றால் ஆறு காரணம், விளைவுகள் ஏழு. பிள்ளைகள் எழுதி மதிப்பெண் வாங்கிப் போவார்கள். இந்தப் பேராசிரியை ஒரு காரணமும் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எங்களை உட்கார வைத்தது போல நடத்தினார். பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மூலத்திலேயே படிக்க வேண்டும், உரைக்கு உரை எழுதினது போதும் என்று கிளம்பிய மனிதநேய அறிஞர்கள் வந்தார்கள். படிப்பு மனிதனை நல்லவனாக்கும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். பிள்ளைகளை அடித்துப் பாடம் நடத்துவது கேவலம் என்று அவர்களில் ஒருவர் கோபமாக எழுதினார். அவர்களிடம் மொழி கற்ற ஒரு ஜெர்மன் துறவி, வேதத்தை ஒவ்வொருவரும் தானே வாசிக்க வேண்டும் என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது, ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது என்று. நகரசபைகளுக்குக் கடிதம் எழுதினார்: பள்ளிகளைத் திறவுங்கள், பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள், பாலத்துக்கும் துப்பாக்கிக்கும் செலவழிக்கிற நீங்கள் இதற்கும் செலவழியுங்கள். அவருடைய நண்பர், கிரேக்கம் நடத்தியவர், பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து யார் எதை எப்போது படிக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்.

நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து எங்கள் கடற்கரைக்கு வந்திருக்கிறது. ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய இரண்டு இளம் பாதிரிகள் தமிழ் கற்றார்கள், பள்ளி வைத்தார்கள், சீக்கிரமே பெண் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள், அச்செழுத்து வரவழைத்துத் தமிழில் புத்தகம் அடித்தார்கள். அதெல்லாம் நடந்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு, சைவச் சாப்பாடும் பிரதோஷ விரதமும் உள்ள வீட்டிலிருந்து நான் இரட்டைப் பின்னலோடு அந்த வழியில் வந்த ஒரு பள்ளிக்குப் போனேன். ஞானோபதேச வகுப்பு கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பேர். ஆனால் டீச்சர் பற்றாக்குறையால் எல்லோரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். ஒரு வரி சொல்வார்கள், உடனே அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்பார்கள். வீட்டில் சுலோகத்துக்கு யாரும் என்னிடம் அர்த்தம் கேட்டதில்லை. அர்த்தம் கேட்கலாம் என்ற பழக்கம் எனக்கு அந்த அறையில் வந்தது. அன்று வீட்டுக்கு காரில் திரும்பும்போது இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மகளுக்கு போன் செய்தேன். “அம்மா, ஐ ஹாவ் எ மிட்டெர்ம் டுமாரோ. கேன் ஐ கால் யூ சண்டே?” என்றாள். சரி என்றேன். கணவர் மீட்டிங்கில் இருந்தார். ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராப்ட்டில் சாப்பிட்ட மசால் தோசையின் படம் அனுப்பியிருந்தார். நானும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

கட்டுரைக்குப் பேராசிரியை எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். என்னையும் அந்தத் தச்சரையும் சேர்த்துப் போட்டார். வேண்டுமென்றே செய்தாரா என்று தெரியாது. தலைப்பு எங்கள் விருப்பம். பேசப் பேச ஒரு விஷயம் புலப்பட்டது. ஆமிஷ்காரர்களின் வேரும் அதே சீர்திருத்தக் காலத்தில்தான் இருக்கிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, புரிந்துகொண்ட வயதில் தானே கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னதற்காக, கத்தோலிக்கர், சீர்திருத்தக்காரர் என்று இரண்டு பக்கமும் அடிபட்டு ஓடிவந்தவர்களின் வம்சம். ஆக, நாங்கள் இருவரும் ஒரே வீட்டின் இரண்டு கிளைகளில் எழுத்துக் கற்றவர்கள். என் பக்கம் படி படி என்று மேலே தள்ளியது. அவர் பக்கம் எட்டாம் வகுப்போடு போதும் என்று கதவைச் சாத்தியது. இதையே எழுதுவோம் என்று முடிவு செய்தோம்.

அக்டோபரில் ஒரு நாள் அவர் ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய அம்மா எழுதியது. அப்பா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். செய்தி அடக்கம் முடிந்தபிறகுதான் இவருக்குத் தெரிய வந்தது. இப்போது அம்மா, ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட வா என்று எழுதியிருந்தார்.

“நீங்களும் வர முடியுமா?” என்றார். “வெளியாள் ஒருத்தர் கூட இருந்தா எல்லாருக்கும் பேச வசதியா இருக்கும். என் தங்கச்சி அங்க ஸ்கூல் டீச்சர். ஸ்கூலைக் காட்டச் சொல்றேன். கட்டுரைக்கும் ஆகும்.”

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னேன். தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டே சொன்னதால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“யாரு அவரு?”

“கிளாஸ்மேட்டுங்க. சொன்னேனே, அந்த கார்பென்டர்.”

“ரெண்டு மணி நேரம் டிரைவ் பண்ணி ஒருத்தர் வீட்டு சாப்பாட்டுக்கு எதுக்கு நீ போகணும்? நான் இருக்கறதே சனி ஞாயிறுதான்.”

“நீங்களும் வாங்களேன்.”

“எனக்குத் தூங்கணும்மா. வாரம் பூரா ஃப்ளைட், ஹோட்டல். நீ போயிட்டு வா. நான் ஒண்ணும் தப்பா சொல்லல.”

தப்பாகச் சொல்லவில்லைதான். வாரத்தில் இரண்டு நாள் சேர்ந்திருக்கும்போதும் ஒருவர் தூக்கத்தை ஒருவர் கெடுக்காமல் நடப்பதற்குப் பழகியிருந்தோம். சட்னியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

சனிக்கிழமை நானும் அந்தத் தச்சரும் என் காரில் போனோம். அவருடைய பிக்கப் வண்டி வாசலில் நின்றால் அம்மாவுக்குச் சங்கடம் என்றார். வழியெல்லாம் சோளம் அறுத்த வயல். லங்காஸ்டர் நெருங்க நெருங்க அவர் கைகளைத் தொடையில் வைத்து விரித்தும் மடக்கியும் வந்தார்.

முதலில் பள்ளிக்குப் போனோம். சாலையோரம் வெள்ளையடித்த ஒற்றை அறை. அவருடைய தங்கை சாவியோடு காத்திருந்தார். முப்பதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகாதவர். கரும்பச்சை உடை, வெள்ளைத் தொப்பி. அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார், என்னிடம் கை நீட்டினார். உள்ளே நடுவில் கரி அடுப்பு, வரிசையாக மர பெஞ்சுகள். கரும்பலகைக்கு மேலே ஆங்கில அரிச்சுவடி, பக்கத்தில் பழைய ஜெர்மன் எழுத்துகள். எட்டு வகுப்பும் அந்த ஒரே அறையில். சின்னவர்கள், நடுத்தரம், பெரியவர்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து உட்கார வைப்பதாகத் தங்கை சொன்னார். அந்த கிரேக்க ஆசிரியர் போட்ட திட்டம் ஞாபகம் வந்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவருக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார்.

நான் தங்கையிடம் கேட்டேன். “எட்டாவதோட நிறுத்திடறீங்களே, நல்லாப் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?”

அவர் பெஞ்சில் கிடந்த ஒரு துண்டுச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து இடத்தில் வைத்தார்.

“வாசிக்கத் தெரியும், கணக்குத் தெரியும், வேலை தெரியும். பக்கத்து வீட்டுக்காரன் களஞ்சியம் எரிஞ்சா ஓடிப்போய் கட்டிக்கொடுக்கத் தெரியும். நல்லவனா இருக்க இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். பிறகு, குத்தலே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? நல்லாப் படிச்சாங்களா?”

“ஒரு பொண்ணு. நல்லாப் படிப்பா.”

“பக்கத்துலயா இருக்காங்க?”

“கலிபோர்னியா.”

“குதிரை வண்டியில எத்தனை நாள் ஆகும்?” என்று அண்ணனைக் கேட்டார். அவர்களுக்குள் ஏதோ பழைய வேடிக்கை போல. இருவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காருக்குத் திரும்பும்போது, என் அம்மாவிடமிருந்து நான் எவ்வளவு தூரம், என்னிடமிருந்து என் மகள் எவ்வளவு தூரம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்.

வீட்டில் அவருடைய அம்மா வாசலிலேயே நின்றார். உயரமானவர், ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. மகனைத் தொடவில்லை. “மெலிஞ்சிட்ட,” என்று அவர்கள் பாஷையில் சொன்னதை அவர் எனக்குப் பிறகு மொழிபெயர்த்தார். எனக்கு இறைச்சி ஆகாது என்று முன்கூட்டியே எழுதியிருந்ததால் வெண்ணெய் போட்ட நூடுல்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, ஊறவைத்த பீட்ரூட், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டி. நீளமான மேசையில் கசங்கல் இல்லாத நீல விரிப்பு. அவருடைய அம்மா, தங்கை, மூத்த அண்ணன், அண்ணி, அவர்களுடைய நாலு பிள்ளைகள். என்னை அம்மாவுக்கு அடுத்து, கிட்டத்தட்டக் கடைசியில் உட்கார வைத்தார்கள். எனக்கு அடுத்து அவர், மேசையின் ஓரத்தில். எல்லோரும் தலை குனிந்து சத்தமில்லாமல் ஜெபித்தார்கள்.

அவர் ரொட்டித் தட்டை எடுத்து என்னைத் தாண்டி அம்மாவிடம் நீட்டினார். பழக்கதோஷம். அம்மா கையைத் தூக்கவில்லை. ஒரு நொடிதான். அவர் தட்டை மேசையில் வைத்தார். வைத்த பிறகு அம்மா அதை எடுத்துக்கொண்டார். பேச்சு நிற்கவில்லை. பிள்ளைகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தபோது அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கையால் தடவிப் பார்த்தேன். விரிப்புக்கு அடியில் மேசை அந்த இடத்தில் முடிந்து, ஒரு விரற்கடை விட்டு இன்னொரு மேசை தொடங்கியது. சின்ன மேசை. அதில் அவர் மட்டும் இருந்தார்.

ஞானஸ்நானம் எடுத்தபின் சபையை விட்டுப் போனவரோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அவர் கையிலிருந்து எதையும் நேராக வாங்கக் கூடாது. அவர் இதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எனக்கு இது தெரிந்த விஷயம்.

பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். கிறிஸ்தவப் பெண், சேரியிலிருந்து வருவாள். ஒரே பெஞ்சு, ஒரே பேனா மை, ஞானோபதேசத்தில் அவளுக்கு முதலிடம் எனக்கு இரண்டாமிடம். ஒரு நாள் நோட்டு வாங்க என் வீட்டுக்கு வந்தாள். அம்மா அன்பாகத்தான் பேசினாள். எனக்கு வெள்ளி டம்ளரில் காபி, அவளுக்குக் கொல்லைப்புற மாடத்தில் இருந்த அலுமினிய டம்ளரில். குடித்து முடித்ததும் அவள் தானாகவே குழாயடிக்குப் போய் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எங்கே கவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், மை கொடுத்தாள், வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

நீல விரிப்பின் மேல் என் கை இருந்தது. நான் என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் என் தட்டை எடுத்து அந்தப் பள்ளத்தைத் தாண்டி அவர் பக்கம் வைத்தேன். நாற்காலியையும் நகர்த்திக்கொண்டேன். நாற்காலிக் கால் மரத்தரையில் உராய்ந்த சத்தத்துக்கு எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மா எழுந்து வந்து என் முன்னால் ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போனார். என் பக்கத்தில் மகனின் காது மடல் சிவந்திருந்தது. கடைசியில் இனிப்புக்கு ஆப்பிள் பை கொண்டுவந்தார்கள். நன்றாக இருந்தது என்று நான் இரண்டு தடவை சொன்னேன்.

கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகனிடம் ஆப்பிளைக் கூழாகக் காய்ச்சிய ஆப்பிள் பட்டர் ஒரு பாட்டிலை நேராகக் கொடுத்தார். கொடுக்கலாம், வாங்கத்தான் கூடாது போலிருக்கிறது.

ஃப்ரீவே ஏறினோம். நான் ஏதோ பெரிய காரியம் செய்த நினைப்பில் இருந்தேன். அவர் நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“நீங்க அப்படிச் செஞ்சிருக்க வேண்டாம்,” என்றார்.

“எனக்குப் பொறுக்கல.”

“எங்க வீட்டுல ரெண்டு மேசையையும் மூடற அளவுக்கு விரிப்பு கிடையாது. அது புது விரிப்பு. ரெண்டு துணியைச் சேர்த்து அம்மா தைச்சிருக்காங்க. தையல் தெரியாம இருக்க நடுவுல அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. ஒரு கண்ணு தெரியாதவங்க.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். “விதியை மீறாம என்னைப் பக்கத்துல உட்கார வைக்க அவங்களுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். நீங்க நாற்காலியை இழுத்ததும், எல்லாருக்கும் ரெண்டு மேசை தெரிஞ்சிடுச்சு.”

எனக்கு முகம் எரிந்தது. ஓரமாக இருந்த ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தினேன். அவரிடம் சிநேகிதியையும் அலுமினிய டம்ளரையும் பற்றிச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. “அன்னிக்கு நகர்த்தாத நாற்காலியை இன்னிக்கு உங்க வீட்டுல நகர்த்திட்டேன்,” என்றேன். “அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதறேன்.”

“வேண்டாம். எழுதினா திரும்பவும் அதைப் பத்திப் பேசணும் அவங்க,” என்றார். பிறகு பாட்டிலை என் மடியில் வைத்து, “இதை நீங்க வெச்சுக்குங்க. எனக்கு ஆப்பிள் பட்டர் பிடிக்காது. அம்மாவுக்கு அது ஞாபகம் இல்ல,” என்றார். அதைச் சொன்னபோதுதான் அவர் குரல் உடைந்தது.

கட்டுரையை நவம்பரில் எழுதி முடித்தோம். வாசிப்பு பெருகியது, பள்ளிகள் பெருகின, பெண்கள் படித்தார்கள் என்று நேர்கோடாக எழுதியிருந்த என் முதல் வரைவை நானே கிழித்தேன். நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில், எங்கள் கடற்கரையின் அந்த முதல் கிறிஸ்தவக் கோயில்களிலேயே சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் சற்றுத் தள்ளியும் உட்கார்ந்தார்கள் என்று இருந்தது. வேதத்தைத் தமிழில் வாசித்துக்கொண்டே அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் தன் பகுதியில், தன் தங்கையின் பதிலை அவள் சொன்னபடியே எழுதி, அதற்கு மறுப்பு எதுவும் எழுதாமல் விட்டார். படித்தால் மனிதன் நல்லவனாவான் என்ற பழைய அறிஞர்களின் நம்பிக்கையைப் பற்றிக் கடைசிப் பத்தி எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது. அந்த நம்பிக்கை பொய் என்று எழுத மனம் வரவில்லை. அந்த நம்பிக்கையால் வாழ்க்கை கிடைத்தவள் நான். ஆனால் எழுத்து நம்மை ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறது, பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போன பிறகு நடப்பதற்கு நாம்தான் பொறுப்பு என்று எழுதினேன். பேராசிரியை அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். சம்மதமா சந்தேகமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

டிசம்பரில் வகுப்பு முடிந்தது. கடைசி நாள் அவர் எனக்கு ஒரு மரக் கரண்டி செய்து கொடுத்தார். அடுத்த வருடம் அவருக்கு ஓஹாயோவில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. முதலில் வாரம் ஒரு மின்னஞ்சல், பிறகு மாதம் ஒன்று, பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். அதில் குறைப்பட ஒன்றுமில்லை. எங்கள் இருவரையும் சேர்த்தது ஒரு கட்டுரை, அது முடிந்துவிட்டது. போன வருட மின்னஞ்சலில், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது என்றும், ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நர்ஸ் உடுப்போடு தான் உட்கார்ந்திருந்ததாகவும், அங்கே மேசை எதுவும் இல்லாததால் இருவருக்கும் சிரமமில்லை என்றும் எழுதியிருந்தார்.

பழைய பள்ளி மாணவியர் வாட்ஸாப் குழு ஒன்றில் என் சிநேகிதியின் எண் கிடைத்தது. அவள் தஞ்சாவூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியை. மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, கடைசியில் டம்ளர் விஷயத்தை நேராகவே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

“ஞாபகம் இருக்கு. உனக்கு ஞாபகம் இருக்கும்னு நெனைக்கல. இப்ப எக்ஸாம் டைம். பேசலாம் ஒரு நாள்.”

அந்த ஒரு நாள் இன்னும் வரவில்லை. நான் கேட்டு நச்சரிக்கவும் இல்லை. எப்போது பேசுவது என்பது அவள் முடிவு.

எனக்குச் சான்றிதழ் வந்தது. இப்போது பக்கத்து ஊர் மிடில் ஸ்கூலில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். கணவருக்கு ஹூஸ்டனிலேயே நிரந்தர வேலை வந்துவிட்டது. “நீயும் வந்துடு, இங்கயும் ஸ்கூல் இருக்கு,” என்கிறார். வருடம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் ஒருத்தி வாசலில் டப்பாவோடு தயங்கி நின்றாள். என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. “வா, உட்கார்,” என்றேன். உட்கார்ந்தாள். மழை வரும் போலிருக்கிறது என்றாள். ஆமாம் என்றேன். மணி அடித்தது.